ஆடலும் பாடலும் இருக்கட்டும், இரவு ஒரு மணி வேண்டாம்

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் ஊர் தேவகோட்டைப் பக்கம். நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் தவறாமல் ஊருக்கு வந்துவிடுவேன். எட்டாம் நாள் இரவு எங்கள் இளைஞர் மன்றம் ஆடலும் பாடலும் நிகழ்ச்சி வைக்கும். போன வருஷம் ஒரு மணிக்கு மேல் பீர் பாட்டிலை உடைத்து அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு நெற்றியில் பதினோரு தையல். விடியற்காலையில் பைக்கில் கிளம்பிய ஒரு பையன் கண்மாய் வளைவில் புளிய மரத்தில் மோதி இறந்துவிட்டான். சில பையன்கள் மாத்திரை போடுவதாகவும் பேச்சு இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் நிகழ்ச்சியே வேண்டாம் என்கிறார்கள். மன்றத்துப் பையன்களோ, "குடிக்கிறவன் எங்கேயும் குடிப்பான், அதற்கு நாம் என்ன செய்வது" என்கிறார்கள். சிங்கப்பூரில் பத்தரை மணிக்கு மேல் தெருவில் யாரும் குடிப்பதில்லை. வெளிநாட்டில் இதற்கெல்லாம் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாமே, அதில் நம் ஊருக்கு ஆகிற மாதிரி ஏதாவது உண்டா?

பதில்:

தம்பி, உண்டு. ஆனால் அந்த வேலையைத் தொடங்கும் முன் இறந்துபோன பையனின் வீட்டுக்குப் போங்கள். இந்த வருஷம் மேடை போடலாமா என்று அவன் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், நான் கீழே எழுதியிருப்பதை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரி என்றால், அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வாக்கு ஒன்றுதான்: இன்னொரு வீட்டில் இது நடக்காதபடி இரவை நடத்துவோம்.

பெரியவர்கள் நிகழ்ச்சியைக் குற்றம் சொல்கிறார்கள், பையன்கள் குடிக்கிறவனைக் குற்றம் சொல்கிறார்கள். ஆராய்ச்சி பார்ப்பது இரண்டையும் அல்ல. எந்த இடம், எந்த மணி, கையில் என்ன இருந்தது, அடிபட்டவன் எப்படி வீடு திரும்பினான் என்பதைத்தான் அது பார்க்கிறது. போன வருஷம் குடித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். மண்டை உடைந்தது ஒரு மணிக்கு மேல், ஓர் இடத்தில், ஒரு பாட்டிலால். உயிர் போனது விடியற்காலையில், ஒரு வளைவில். ஊரில் உள்ள குடிகாரர்களை எல்லாம் ஒரு மாதத்தில் திருத்த உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. அந்த மணியையும் பாட்டிலையும் பைக் சாவியையும் மாற்ற உங்கள் மன்றத்தால் முடியும்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்தில் 1990-களின் நடுவில் தொடங்கிய ஒரு முயற்சியை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நிதானம் இழந்தவர்களைப் போல நடிக்கப் பழகிய நடிகர்களை மதுக்கூடங்களுக்கு அனுப்பி மது கேட்கச் சொன்னார்கள். 1996-ல் நூற்றுக்கு ஐந்து தடவைதான் "உங்களுக்குப் போதும்" என்று மறுத்தார்கள். பிறகு ஊற்றிக் கொடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதோடு காவல்துறை, உரிமம் தரும் அலுவலகம், மதுக்கூட உரிமையாளர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, விதியை மீறினால் உரிமத்துக்கே ஆபத்து என்ற நிலையைக் கொண்டுவந்தார்கள். மறுப்பது 1999-ல் 47 சதவீதமாகவும் 2001-ல் 70 சதவீதமாகவும் ஏறியது. அந்தப் பகுதியில் போலீசில் பதிவான வன்முறைக் குற்றங்கள் 29 சதவீதம் குறைந்தன. இத்தனைக்கும் குடிக்க வந்தவனுக்கு அங்கே யாரும் புத்திமதி சொல்லவில்லை. பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டுக் கண்காணிப்பை விட்ட ஊர்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேனர் கட்டுவதும் மேடையில் உறுதிமொழி எடுப்பதும் போதும் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது மணி. நார்வேயில் 18 நகரங்களின் கணக்கைப் பார்த்தார்கள். மதுக்கூடம் மூடும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் அடிதடி சுமார் 16 சதவீதம் கூடியது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் 2008-ல், விடிய ஐந்து மணிக்கு மூடிய கடைகளை மூன்று, மூன்றரைக்கு மூட வைத்தார்கள். இரவு அடிதடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நீங்கள் சொன்ன சிங்கப்பூர் பத்தரை மணிக் கட்டுப்பாடு 2015 ஏப்ரலில் வந்தது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் நம் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும், அதைத் தொடர்ந்து நடந்த கலவரமும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது.

நம் ஊரில் எப்படி இருக்கிறது? டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுகிறது. ஆடல் பாடல் குழு வந்து மேடை ஏறவே பத்தரை ஆகிறது. அதனால் ஒன்பதே முக்காலுக்குக் கடையில் கூட்டம் முண்டியடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு வேண்டியதை வாங்கி வைக்கோல் போரிலும் பைக் டேங்க் கவரிலும் வைத்துக்கொள்வார்கள். தீர்ந்தால் பிளாக்கில் வாங்குவார்கள். ஒரு மணிக்குத் திடலில் நிற்பவர்களில் பாதிப் பேர் பெண்டு பிள்ளைகள் இல்லாத, தூக்கம் கெட்ட, நிதானம் இல்லாத ஆண்கள். ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்துப் பாருங்கள், கூட்டமே வேறாக இருக்கும். இதற்குச் சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒலிபெருக்கி பத்து மணிக்கு மேல் கூடாது என்பது பொது விதி. திருவிழாவுக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தாலும் நள்ளிரவு பன்னிரண்டோடு சரி. குழுவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே "ஆறரைக்கு மேடையில் இருக்க வேண்டும், பதினொன்றுக்கு மைக் அணைக்கப்படும்" என்று எழுதி வாங்குங்கள். அன்று இன்னொரு ஊரில் ஒரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வருகிற குழு வேண்டவே வேண்டாம்.

விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும் ஊர்களில் இந்த அளவு ரகளை வருவதில்லையே என்று பெரியவர்கள் கேட்பார்கள். நான் பார்த்த வரையில் அது சரிதான். அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், பாட்டிகளும் பிள்ளைகளும் நடுவில் இருக்கிறார்கள். கனடாவில் கேத்ரின் கிரஹாம் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் மதுக்கூடங்களில் உட்கார்ந்து சண்டைகள் எப்படித் தொடங்குகின்றன என்று கவனித்தார்கள். நெரிசல், தோள் இடிபடுவது, போக வழியில்லாமல் முட்டி நிற்பது, இவையெல்லாம் முக்கியக் காரணங்களாக இருந்தன. உங்கள் மேடைக்கு முன்னால் நின்று ஆடும் இடத்தையும், ஜெனரேட்டருக்கும் கடைகளுக்கும் நடுவில் உள்ள சந்துப் பாதையையும் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். கயிறு கட்டி இரண்டு பக்கமும் வழி விடுங்கள். உட்கார நாற்காலியோ ஜமக்காளமோ போடுங்கள். விளக்கு இல்லாத மூலையில் விளக்குப் போடுங்கள்.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரத்தில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர், சனிக்கிழமை இரவுகளில் கிழிந்த முகங்களைத் தைத்துக்கொண்டே இருந்தவர். தன்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கண்டார். அதனால் மருத்துவமனை வரவேற்பில் எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் அடிபட்டது என்று கேட்டு எழுத வைத்தார். பெயரை நீக்கிவிட்டு அந்தக் கணக்கை மாதாமாதம் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் கொடுத்தார். எந்தத் தெருவில் எந்த நேரம் போலீஸ் நிற்க வேண்டும், எந்தக் கடையில் கண்ணாடி டம்ளரை மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. அதேபோன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால், அடிபட்டு மருத்துவமனையில் சேருவது 42 சதவீதம் குறைந்ததாக 2011-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதற்கு உங்கள் ஊருக்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. போன மூன்று திருவிழாக்களில் நடந்த சண்டைகளை, 108 ஓட்டுநர், காரைக்குடி அல்லது தேவகோட்டை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போன உறவினர்கள், கடை போட்டவர்கள் எல்லோரையும் கேட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், யார் எந்தத் தெருக்காரன் என்பதும் வேண்டாம். இடம், மணி, ஆயுதம் போதும். பெயர் எழுத ஆரம்பித்தால் அது பஞ்சாயத்தில் போய் நிற்கும். பிறகு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

திருவிழாவில் கடை போட இடம் ஒதுக்குவது கமிட்டிதானே, அந்தப் பிடியை விடாதீர்கள். அன்று இரவு கண்ணாடிப் பாட்டிலில் சோடா, கலர் கொடுக்கக் கூடாது, பேப்பர் கப்தான். எந்தக் கடையில் மது விற்றாலும் ஒளித்துவைத்தாலும் முன்பணம் திரும்பாது, அடுத்த வருஷம் இடமும் கிடையாது. ஸ்டாக்ஹோமில் உரிமம் செய்த வேலையை இங்கே இதுதான் செய்யும். திடலுக்குள் வரும் வழிகளில் சாக்கு வைத்துக் காலிப் பாட்டிலை வாங்குங்கள், அந்த வேலையில் சிறுவர்களை வைக்க வேண்டாம். இன்னொன்று. இருபத்தொரு வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பது யார்? பெரும்பாலும் உங்கள் மன்றத்து அண்ணன்மார்களே. இதை மட்டும் மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள், சிங்கப்பூர்க்காரன் சொல்லுக்கு மரியாதை இருக்கும்.

திடலில் நிற்க, அன்று குடிக்காத பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். எல்லாத் தெருவிலிருந்தும் எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். ஒரே வகையறா மட்டும் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றால் அவர்களே சண்டைக்குக் காரணமாகிவிடுவார்கள். சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் குடித்தவனின் சட்டையைப் பிடிக்கக் கூடாது. அவனோடு வந்த, கொஞ்சம் தெளிவாக இருக்கிற கூட்டாளியைத் தேடிப் பிடித்து, "மாப்ளே, இவனக் கூட்டிட்டு டீக்கடைப் பக்கம் வா" என்று அவனிடம் பேச வேண்டும். கூட்டம் பார்க்கிற இடத்தில் யாரையும் அவமானப்படுத்தினால் அவன் அடங்க மாட்டான். மாமன் மச்சான் முறை உள்ளவனை அனுப்பினால் பாதிச் சண்டை பேச்சிலேயே முடியும்.

பைக் விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் சாராயச் சத்து. எடையாகப் பார்த்தால் ஏறக்குறைய 60 கிராம். நம் ஈரல் மணிக்கு ஏழெட்டுக் கிராமைத்தான் எரிக்கும். ஆக ஒரு குவார்ட்டர் முழுவதும் இறங்க எட்டு மணி நேரம் வேண்டும். பத்து மணிக்குக் குடித்தவன் விடியற்காலை நாலு மணிக்கு "தெளிஞ்சிருச்சு" என்று எழுந்தாலும் அவன் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது. மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி, தலைக்குத் தண்ணீர், எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது. வண்டி ஓட்டச் சட்டம் விடும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அறுபது கிலோ எடை உள்ளவர் ஒரு கட்டிங், அதாவது அரைக் குவார்ட்டர், அடித்தாலே அதைத் தாண்டிவிடுவார். முதல் தடவை பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 முதல் சந்தேகம் இல்லாவிட்டாலும் யாரையும் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னபோது சாலை இறப்பு சட்டென்று குறைந்தது. "எப்படியும் மாட்டுவோம்" என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்.

எனவே ஊர் எல்லையில் பைக் நிறுத்துமிடம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். சாவியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுங்கள். தள்ளாடுகிறவனுக்குச் சாவி காலை ஒன்பது மணிக்குத்தான். வெளியூர்ப் பையன்கள் படுக்க ஊர் மண்டபத்தையோ பள்ளிக்கூட வராந்தாவையோ திறந்து பாய் போடுங்கள். தேவகோட்டை, கல்லல் பக்கம் ஒரு வேன் இரண்டு தடவை போய்வரட்டும். ஆடல் பாடல் குழுவுக்குக் கொடுக்கிற தொகையில் சின்னப் பங்கு போதும். காவல் ஆய்வாளரிடம் முன்கூட்டியே மனுக் கொடுத்து, கண்மாய் வளைவுக்கு முன்னால் ஊதும் கருவியோடு ஒரு சோதனை வைக்கக் கேளுங்கள். ஊரே வந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

மண்டபத்தில் படுத்திருப்பவர்களைப் பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். "போதையில தூங்குறான், விடு" என்ற சொல்தான் பல உயிர்களைக் கொன்றிருக்கிறது. மல்லாக்கப் படுத்தவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வையுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தட்டி, கிள்ளிப் பார்த்தும் எழாவிட்டால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனால், குறட்டை கரகரவென்று விட்டு விட்டு வந்தால், உதடு நீலம் பாய்ந்தால் 108. அந்த நேரத்தில் அவனை வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டாம்.

மாத்திரைப் பேச்சு பெரும்பாலும் டேபன்டடால் போன்ற வலி மாத்திரைகளைப் பற்றியதாக இருக்கும். அவையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மெல்ல அடங்கும். தூக்க மாத்திரையும் கூடினால் இன்னும் மோசம். சிலர் அதைக் கரைத்து ஊசியாகப் போடுகிறார்கள். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் வரும். நெதர்லாந்தில் 1992 முதல், இளைஞர்கள் கொண்டுவரும் போதைப் பொருளைச் சோதித்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பையன்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது. என்ன மாத்திரை, எத்தனை என்று 108-ல் வருபவரிடம் மறைக்காமல் சொன்னால், மூச்சை மீட்க நலாக்சோன் என்ற மருந்து பயன்படும். பிளாக்கில் வாங்கிய பெயர் தெரியாத சரக்கைக் குடித்து, மறுநாள் கண் பனி மூடியது போல மங்கினால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால், அது மெத்தனால் என்ற விஷச் சாராயமாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அதனால்தான். குடித்து ஒரு நாள் ஆகியிருந்தாலும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பங்குனியில் என்னிடம் அதிகம் வருவது அடிபட்டவர்கள் இல்லை, காப்புக் கட்டியவர்கள். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், காப்புக் கட்டியதும் பயபக்தியோடு ஒரே நாளில் நிறுத்திவிடுவார். அன்று இரவே வேர்க்கும், கை நடுங்கும். ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், யாரோ கூப்பிடுவது கேட்கும், ஆள் அடையாளம் தெரியாமல் கத்துவார். வீட்டார், சாமி வந்திருக்கிறது என்று வேப்பிலை அடித்து, விபூதி போட்டு, திமிறினால் கட்டிவைத்து, இரண்டு நாள் கழித்துக் கொண்டு வருவார்கள். அவர் மனைவி என்னிடம், "சாமிக்குன்னுதானே நிப்பாட்டினாரு, சாமி ஏன் இப்படிப் பண்ணுது" என்று கேட்பார். சாமி ஒன்றும் செய்யவில்லை அம்மா, நரம்பு மண்டலம் பழகிய மதுவைத் திடீரென்று எடுத்ததால் வந்த உடல் நோய் இது, மருந்து கொடுத்தால் சரியாகும் என்று சொல்வேன். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

விரதத்தை நான் தடுக்கவில்லை. குடியை விடுவதற்கு அது நல்ல வாய்ப்பு, அம்மன் பேரில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காப்புக் கட்டுக்குப் பத்து நாள் முன்னால், தினமும் காலையிலேயே குடிக்கிற ஆட்களின் வீட்டுப் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்களை விட்டுப் பேசச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, நடுக்கம் தணிய மருந்தும் பி1 வைட்டமினும் எடுத்துக்கொண்டு நிறுத்தலாம். ஊரில் வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் மட்டும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பி1 இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளைக்குக் கேடு வரலாம். போகத் தயங்குபவர்கள் 14446 என்ற போதை மீட்பு எண்ணிலோ, 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ தமிழில் பேசலாம். எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார். மீதி 37 பேர் உங்கள் ஊர் மாதிரி ஊர்களில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பூக்குழி முடிந்து காப்பு அவிழ்க்கும் நாளில், அத்தனை நாள் விட்டதையும் சேர்த்துக் குடிப்பார்கள், அன்றைக்கும் ஆள் பார்க்க வேண்டும்.

பெரியவர்களிடம் பேசும்போது அவர்களோடு வாதாடாதீர்கள். ஓர் உயிர் போயிருக்கிறது, அவர்கள் கோபம் நியாயமானது. "முழுவதும் நிறுத்தினால் பையன்கள் தோப்பிலும் கண்மாய்க் கரையிலும் போய்க் குடிப்பார்கள், அங்கே பார்க்க யாரும் இல்லை" என்று சொல்லுங்கள். ஒரே ஒரு வருஷம், பதினொன்றுக்கு மைக் அணைப்பது, சாவி, பேப்பர் கப், மண்டபம் இந்த நாலும் நடந்தால் மட்டும் அனுமதி என்று கேளுங்கள். நாலில் ஒன்று தவறினாலும் அடுத்த வருஷம் நிகழ்ச்சி இல்லை என்று மன்றமே எழுதிக் கொடுக்கட்டும். எல்லாம் ஒரே வருஷத்தில் முடியாவிட்டால் மணியையும் சாவியையும் மட்டுமாவது விடாதீர்கள்.

திருவிழா முடிந்ததும் அந்த நோட்டில் இந்த வருஷக் கணக்கையும் எழுதி ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள் தம்பி. சித்திரையில் திருவிழா வைக்கும் பக்கத்து ஊர்க்காரர்களும் இதையே கேட்கிறார்கள். அவர்களிடம் காட்ட நம் ஊர்க் கணக்கு ஒன்று வேண்டும்.